சிறிய படகில் இரண்டு பேட்டரி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் நான் கண்டவை

தூத்துக்குடியில் எங்களுக்கு 28 அடி நீள ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள 40 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு மோட்டாரை அதில் மாட்டியிருக்கிறோம். மாலையில் கிளம்பி, இரவு முழுவதும் வலையை விட்டு மிதந்து, விடியற்காலையில் வலையை இழுத்தெடுத்துத் திரும்புவது எங்கள் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை மோட்டாரைக் கிளப்புவதற்கும், ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். வயர்லெஸ், விளக்குகள் அனைத்துக்கும் 70 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே இருந்தது.

ஒரு ஐப்பசி விடியலில், கரையிலிருந்து 11 கடல் மைல் தொலைவில் சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம் மட்டுமே கேட்டது. மோட்டாரின் மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி, மூன்று பேரும் மாறி மாறி இழுத்துக் கிளப்புவதற்குள் 40 நிமிடம் கடந்துவிட்டது. அதற்குள் நீரோட்டம் எங்களை வேறொருவருடைய வலையின் மேலேயே கொண்டுபோய்விட்டது. அன்று கரை சேர்ந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜி.பி.எஸ்.ஸும் சவுண்டரும் சேர்ந்து 1 ஆம்பியர், வி.எச்.எஃப். கேட்பு நிலையில் அரை ஆம்பியர், விளக்குகள் இரண்டரை ஆம்பியர். மொத்தம் 4 ஆம்பியர் என்றால் 8 மணி நேரத்தில் 32 ஆம்பியர்-மணி செலவாகிறது. எழுபதில் முப்பத்திரண்டு போனால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் மோட்டார் கிளப்பும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் கொடுப்பதற்காகவே அவை செய்யப்பட்டவை என்பதால், இரவுதோறும் பாதி வரை சார்ஜை இறக்கினால் கொள்ளளவு வேகமாகத் தேய்ந்துவிடும். அட்டையில் 70 என்று அச்சிட்டிருந்தாலும் எங்கள் பேட்டரியில் அதில் பாதிகூட மிஞ்சியிருக்கவில்லை.

அதனால் புதிய 70 ஆம்பியர்-மணி பேட்டரியை மோட்டாருக்கு மட்டும் ஒதுக்கி, மற்ற எல்லாவற்றுக்கும் 100 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்தேன். வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி விலை குறைவு என்று பலர் அதைப் படகில் ஏற்றுகிறார்கள். ஆழமாக இறக்கினாலும் அது தாங்கும் என்பது உண்மைதான்; ஆனால் அசையாத தரைக்காகச் செய்யப்பட்ட அந்த உயரமான பேட்டரி, அலையில் படகு உருளும்போது அமிலத்தைச் சிந்தும் என்பதால் நான் அதைத் தவிர்த்தேன்.

இரண்டையும் இணைப்பது வோல்ட்டேஜைப் பார்த்து இயங்கும் ஒரு ரிலே, அதாவது தானியங்கிச் சுவிட்ச். மோட்டார் ஓடிச் சார்ஜ் ஏறி, அதன் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்டதும் ரிலே மூடிக்கொண்டு இரண்டாவது பேட்டரிக்கும் சார்ஜை அனுப்பும். மோட்டாரை நிறுத்தி வோல்ட்டேஜ் 12.8-க்குக் கீழே இறங்கியதும் அது பிரிந்துவிடும். அதன் பிறகு விளக்குகள் எவ்வளவு நேரம் எரிந்தாலும் மோட்டார் பேட்டரியிலிருந்து சொட்டு மின்சாரமும் போகாது. நெருக்கடியில் இரண்டையும் சேர்ப்பதற்குக் கைச்சுவிட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன்; மூன்று ஆண்டுகளில் அது ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டது. பெட்ரோல் படகு என்பதால், தீப்பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்ட ரிலேயாகப் பார்த்து வாங்கி, டேங்கிலிருந்து தள்ளிப் பொருத்தினேன்.

பொருத்தும்போது அதிக நேரம் எடுத்தது எடைதான். நூறு ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். மோட்டாரின் எடை ஏற்கெனவே பின்பக்கம் இருப்பதால், அதையும் அங்கேயே வைத்தபோது படகு பின்னால் அமுங்கி அணியம் (முன்பக்கம்) தூக்கியது. எனவே நடுப்பகுதிக்குச் சற்று முன்னால், மூடியில் காற்றுத் துளையுள்ள ஃபைபர் பெட்டிக்குள் அதை வைத்துப் பட்டை போட்டு இறுக்கினேன். இதனால் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் கேபிளின் நீளம் 4 மீட்டரைத் தாண்டியது. வோல்ட்டேஜ் வழியில் இழக்கப்படாமல் இருக்க, வெள்ளீயம் பூசிய 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளைப் போட்டு, இரண்டு முனைகளிலும் பேட்டரியை ஒட்டியே 100 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். இரு பக்கமும் பேட்டரி இருக்கும் கேபிள் நடுவில் உரசிப் படகின் கிரவுண்டை (மைனஸ் இணைப்பை) தொட்டால், இரண்டு பக்கமிருந்தும் மின்னோட்டம் பாயும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைப்பது போதாது. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பை மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸுடன் நேரடியாகப் பேட்டரியில் கொடுத்தேன். யாரும் இல்லாத மழை இரவில் அது தானாக ஓட வேண்டுமே.

முதல் இரவிலேயே ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் சாவியைத் திருப்பும்போது வோல்ட்டேஜ் சரிந்து ஜி.பி.எஸ். திரை கறுத்து, மறுபடி முதலிலிருந்து கிளம்பும்; வலை விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இப்போது மோட்டார் கிளம்பும்போது திரை சிமிட்டுவதுகூட இல்லை.

எல்லாம் சுமுகமாகவே நடந்துவிடவில்லை. இரண்டாம் ஆண்டில், மெதுவாக ஓடும்போது ரிலே மூடுவதும் திறப்பதுமாக ‘டிக், டிக்’ என்று அடிக்கத் தொடங்கியது. சவுண்டர் நள்ளிரவுக்கு முன்பே அணைந்தது. பேட்டரிதான் போய்விட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். மோட்டார் பார்க்கும் தம்பியோ, “அண்ணாச்சி, பேட்டரியில தப்பில்ல, கிரவுண்ட் நட்டை ஒரு தடவ கழட்டிப் பாருங்க” என்றார். மல்டிமீட்டரை வைத்தோம்: மோட்டார் பேட்டரியில் 14.1 வோல்ட், இரண்டாவதில் 13.1. பெரிய வாஷருக்குக் கீழே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பாசிப் பயறு நிறத்தில் பச்சைக் களிம்பு கெட்டியாகப் படிந்திருந்தது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பின் மேலே வேசலின் தடவினோம், வித்தியாசம் 0.1 வோல்ட்டாகக் குறைந்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எல்லா நட்டுகளையும் கழற்றிப் பார்க்கிறேன்.

மோட்டாரின் சார்ஜைப் பெரிதாக நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 15 ஆம்பியர் கொடுக்கிறது. மெதுவாக ஓடும்போது அதில் பாதிகூட வருவதில்லை. போகவர மூன்று மணி நேரம் ஓடினால், இரவில் செலவானதைச் சிரமப்பட்டுத்தான் ஈடுகட்டுகிறது. எனவே வாரம் ஒருமுறை கரையில் சார்ஜர் போடுகிறேன். ஆடிக் காற்றில் படகு கரையிலேயே கிடக்கும் நாட்களில் இரண்டு பேட்டரிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

லித்தியம் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட் காட்டுவதால், 12.8-இல் பிரிய வேண்டிய இந்த ரிலே பிரியாமலே நின்றுவிடும். அதற்கு, ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு வோல்ட்டேஜை மாற்றிச் சார்ஜ் ஏற்றும் டி.சி. டு டி.சி. சார்ஜர் தனியாக வேண்டும். அந்தச் செலவை எங்கள் வருமானம் இப்போது தாங்காது.

மோட்டார் பேட்டரி மூன்று ஆண்டு கழித்தும் விடியற்காலையில் 12.6 வோல்ட் காட்டுகிறது. உழைத்தது முழுவதும் இரண்டாவது பேட்டரி. அது இப்போது 6 மணி நேரத்திலேயே 12.1-க்கு இறங்கிவிடுவதால், ஐப்பசிக்கு முன்பு அதே அளவில் புதியதை வாங்கி, கூடவே அந்தக் கிரவுண்ட் கேபிளையும் மாற்றப்போகிறேன்.