சதவீதத்துக்கு அப்பால்: நூலக மேசையிலிருந்து ஒரு மென்பொருள் விமர்சனம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வேடுகளில் பிறர் எழுத்து அப்படியே எடுத்தாளப்பட்டிருக்கிறதா என்று மென்பொருளில் பார்த்து, அதாவது பிளேஜியரிசம் செக் செய்து, ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்புதான். இந்த வகை மென்பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இயங்குகின்றன. அதனால் எங்களிடம் இருப்பது எது என்று சொல்லாமலே எழுதுகிறேன்.

கோப்பை ஏற்றினால், அதிலுள்ள வரிகளை இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், பழைய ஆய்வேடுகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடங்களில் நிறம் பூசி, ஓரத்தில் மூலத்தைக் காட்டும். அவ்வளவுதான். அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. ஒரு மனிதர் வருஷக்கணக்கில் தேடினாலும் கிடைக்காத மூலத்தை ஒரு டீ குடித்து வருவதற்குள் கண்ணுக்கு முன்னால் வைத்துவிடும்.

ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர்கள் முதல் பக்கத்து எண்ணோடு, அதாவது மொத்தத்தில் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்பதோடு, நின்றுவிடுகிறார்கள். "பத்துக்குள்ள வந்துட்டா மேடம்?" இது ஒன்றுதான் கேள்வி. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருஷம் திருத்தியதையே கொடுக்க முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. இப்படி எண்ணில் கோடு போட்டு வைத்திருக்கும்போது கண் எண்ணுக்குத்தான் போகும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் தாவரவியல் மாணவர் ஒருவருக்கு 23 சதவீதம் காட்டியது. ஆள் ஆடிப்போய்விட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். பெரும்பகுதி நிறம் ஆய்வுக்களம் பற்றிய பகுதியில்தான். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-இல் அமைந்தது, எந்த அட்சரேகையில் இருக்கிறது, பொதிகையில் தாமிரபரணி எப்படிப் பிறக்கிறது என்ற அதே வரிகள் எங்கள் பக்கத்து ஆய்வேடுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அப்புறம் செய்முறைப் பகுதி. ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைச் சோதிக்கும் டிபிபிஎச் கரைசலைக் கலந்து, இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நானோமீட்டரில் அளந்தோம் என்பதை வேறு எத்தனை விதமாக எழுதிவிட முடியும்? அது நாற்பது ஐம்பது கட்டுரைகளோடு துணுக்கு துணுக்காக ஒத்துப்போகிறது. களத்தைப் பற்றிய வரிகளைத் தன் கண்ணால் பார்த்ததை வைத்துத் திருப்பி எழுதச் சொன்னேன். காரையார் பக்கம் அவர் நடக்காத இடமில்லை. எழுதிக்கொண்டு வந்தபோது அந்தப் பகுதிதான் ஆய்வேட்டிலேயே நன்றாக இருந்தது.

இன்னொரு ஆய்வேடு 9 சதவீதம். விதிப்படி பிரச்சினை இல்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒரே கட்டுரையிலிருந்து, அதுவும் முடிவுகளை விவாதிக்கும் இயலில், மூன்று பத்தி தொடர்ச்சியாக, மேற்கோள் குறிப்பு இல்லாமல் வந்திருந்தது. என் கணக்கில் 23-ஐ விட இந்த 9-தான் மோசம். கைடிடம் நிறம் பூசிய பக்கங்களையே எடுத்துக் காட்டினேன்.

தமிழ் ஆய்வேடுகளில் மென்பொருள் ரொம்பவே தடுமாறுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, கணினி உள்ளே ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் படிக்கிறது. யூனிகோடில் இருக்கும் மூலத்தோடு அது ஒத்துப்போக வழியே இல்லை. சதவீதம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய ஆய்வேடுகளும் அதன் கண்ணில் படுவதில்லை. அதிலிருந்து வரிக்கு வரி எடுத்தாலும் தெரியாது. நேர்மையாக யூனிகோடில் அடித்து, சங்கப் பாடல்களை முறையாக எடுத்தாண்டவருக்கோ எண் ஏறுகிறது. பாடல் வரிகள் எல்லாம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் கிடக்கின்றன. நம் வழக்கப்படி மேற்கோள் குறி போடாமல் உள்தள்ளி எழுதினால் மேற்கோளை விலக்கு என்று அழுத்தினாலும் எங்கள் மென்பொருளுக்குப் புரிவதில்லை. மூலத்தோடு சுட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே 2018 விதிமுறை சொல்கிறது. ஆகவே நான் கையால் ஒவ்வொன்றாக விலக்கி, எதை விலக்கினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறேன். நேரம் பிடிக்கிறது, பரவாயில்லை.

ஒரு டிடிபி கடையில் "பெர்சன்டேஜ் குறைத்துத் தரப்படும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே போய்வந்த ஒரு ஆய்வேட்டைப் பார்த்து மனசு நொந்துவிட்டது. சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிப்போடும் ஏதோ கருவியில் ஓட்டியிருக்கிறார்கள். துறைச் சொற்கள் எல்லாம் சிதைந்து, எழுதியவருக்கே தன் வாக்கியம் விளங்கவில்லை. இப்படிப்பட்ட சிதைந்த சொற்றொடர்களை 2021-இல் கபனாக், லாபே, மகசினோவ் என்ற ஆய்வாளர்கள் மூவர் ஆய்விதழ்களிலிருந்து தேடி எடுத்து வெளிப்படுத்தினார்கள். அதற்கப்புறம் அதைத் தேடிப் பிடிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல்முறை செக் பண்ண வருகிறவர்கள் நூலகரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கோப்பை மென்பொருளின் சேமிப்பகத்தில் சேர்க்காமல் பார்க்க முடியுமா என்று. சேர்ந்துவிட்டால், திருத்தி மறுபடி கொடுக்கும்போது உங்கள் பழைய கோப்போடே ஒத்துப்போய் நூறு சதவீதம்கூடக் காட்டும். நீங்களே வெளியிட்ட கட்டுரைகள் இருந்தால் அவற்றின் முதல் பக்கத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். விலக்கும்போது எனக்கு அது வேண்டும்.