வெள்ளி போய் ஞாயிறு திரும்ப: கான்குனா, புன்டா கானாவா, மொன்டேகோ பேயா?

வெள்ளி மதியம் விமானம் ஏறி ஞாயிறு இரவு வீடு வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு முழுநாள் கூட்டம், ஒரு விருந்து, முடிந்தால் கடலில் ஒரு முழுக்கு. அமெரிக்கக் கம்பெனிகள் ஆஃப்சைட் (ஆபீஸுக்கு வெளியே நடத்தும் கூட்டம்) என்று ஆட்களை அழைத்துப் போகும் கரீபியன் கடற்கரைகளில் மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும்: மெக்சிகோவின் கான்குன், டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா, ஜமைக்காவின் மொன்டேகோ பே. மணலும் கடல் நிறமும் மூன்றிலும் அருமைதான். விளம்பரப் படத்தை வைத்து ஒன்றைப் பொறுக்க முடியாது. கையில் இருப்பதோ நாற்பத்தெட்டு மணி நேரம். அதில் எந்த ஊர் எவ்வளவைத் தின்கிறது என்று பார்த்தால் விடை தானாக வரும்.

இறங்கியதிலிருந்து அறை வரை

இந்தக் கணக்கில் மொன்டேகோ பேதான் முன்னால் நிற்கிறது. சாங்ஸ்டர் விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. ஹிப் ஸ்ட்ரிப் என்று எல்லோரும் சொல்லும் கடற்கரைச் சாலைக்கு (2019 முதல் அதன் பெயர் ஜிம்மி கிளிஃப் பூல்வார்ட்) பத்து நிமிடம் போதும். மாநாட்டு மையம் இருக்கும் ரோஸ் ஹால் பக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் 'மொன்டேகோ பே பேக்கேஜ்' என்று விற்பதில் பாதி ஹோட்டல்கள் நெக்ரிலிலோ ஓச்சோ ரியோஸிலோ இருக்கும். அங்கே போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஜமைக்காவில் நம்மூர் போல இடது பக்கம் ஓட்ட வேண்டும். அமெரிக்காவில் பத்து வருடம் ஓட்டிய கை முதல் ரவுண்டானாவிலேயே தடுமாறும்.

கான்குனின் ஹோட்டல் பகுதி கடலுக்கும் நிச்சுப்தே ஏரிக்கும் நடுவே '7' வடிவில் நீளும் மணல்திட்டு. 1970-ல் மெக்சிகோ அரசு வேலையைத் தொடங்கியபோது அங்கே ஏறக்குறைய ஆளே கிடையாது. இன்று ஒரே சாலை, குக்குல்கான் பூல்வார்ட். முகவரியே கிலோமீட்டர் எண்தான். எண் ஊர்ப் பக்கம் தொடங்கி விமான நிலையப் பக்கம் கூடிக்கொண்டே போகும். 20-ஆவது கிலோமீட்டர் ஹோட்டல் என்றால் விமான நிலையம் பக்கத்தில். 4-ஆவது கிலோமீட்டர் என்றால் திட்டு முழுவதையும் கடந்தாக வேண்டும். மாநாட்டு மையம் 9-ஆவது கிலோமீட்டரில். ஹோட்டல் பெயரைவிட இந்த எண்ணை முதலில் கேட்பது நல்லது. சுங்கம் தாண்டியதும் ஒரு கூடத்தில் சீருடை, அட்டை சகிதம் 'டாக்ஸியா சார்?' என்று மறிப்பவர்களில் பலர் டைம்ஷேர் (ரிசார்ட் அறையை ஆண்டுக்குச் சில நாள் பயன்படுத்தும் உரிமை) விற்பவர்கள். நிற்காமல் கட்டடத்துக்கு வெளியே வந்துவிட வேண்டும். பெயர்ப் பலகையோடு வண்டிக்காரர் வெளியில்தான் நிற்பார்.

புன்டா கானா விமான நிலையம் தனியார் கட்டியது, 1980-களிலிருந்து ஓடுகிறது. பனையோலைக் கூரை போட்ட முனையம். கேப் கானா கால் மணி நேரம், பவாரோ அரை மணி நேரம். உவேரோ ஆல்ட்டோ முக்கால் மணிக்கும் மேல். மூன்று இடத்து ஹோட்டல்களும் முகவரியில் 'புன்டா கானா' என்றே போட்டுக்கொள்ளும். குழுவில் பாதிப் பேர் ஒரு ஹோட்டல், பாதிப் பேர் இன்னொன்று என்று பதிவு செய்துவிட்டால் சனிக்கிழமை காலைக் கூட்டம் நேரத்துக்குத் தொடங்காது.

கடிகாரம் செய்யும் கூத்து

மூன்று ஊரிலும் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது. கான்குனும் மொன்டேகோ பேயும் ஆண்டு முழுக்க யுடிசி-5 (உலகப் பொது நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னால்). புன்டா கானா யுடிசி-4. குளிர்காலத்தில் கான்குன் நேரமும் நியூயார்க் நேரமும் ஒன்று. கோடையில் கான்குன் ஒரு மணி நேரம் பின்தங்கும், அப்போது புன்டா கானா நியூயார்க்கோடு சேர்ந்துவிடும். சென்னையோடு போனில் பேசுவதென்றால் கான்குனிலிருந்து பத்தரை மணி நேர வித்தியாசம், புன்டா கானாவிலிருந்து ஒன்பதரை. சிலருடைய போன் கான்குனில் மெக்சிகோ சிட்டி நேரத்தைக் காட்டித் தொலைக்கும். அது ஒரு மணி நேரம் தப்பு. போனில் நேர மண்டலத்தைக் கையாலேயே கான்குன் என்று வைத்துவிட்டால் ஞாயிறு விமானம் தப்பாது.

விசா: முடிவை மாற்றும் விஷயம்

இந்தியப் பாஸ்போர்ட்டில் எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்கள் ஊரைப் பார்க்கும் முன் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் தேதியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க விசா முத்திரை செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. டொமினிக்கன் குடியரசும் அதை வைத்தே உள்ளே விடும். கூடுதலாக இ-டிக்கெட் என்ற இலவச இணையப் படிவத்தை நிரப்பி, வரும் க்யூஆர் குறியீட்டைப் போனில் வைத்திருக்க வேண்டும். படிவத்துக்குக் காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. ஜமைக்காவுக்கும் சி5 என்ற இணையப் படிவம் உண்டு.

முத்திரை காலாவதியாகி, ஐ-797 (அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதம்) மட்டும் கையில் இருப்பவர்கள் சிக்குவது இங்கேதான். கனடா, மெக்சிகோ இரண்டுக்கும் முப்பது நாளுக்குள் போய்த் திரும்பினால் பழைய முத்திரையோடே அமெரிக்காவுக்குள் வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆட்டோமேட்டிக் ரீவாலிடேஷன், அதாவது முத்திரை தானாகவே மறுபடி செல்லுபடியாவது என்பார்கள். 'அப்படியென்றால் கான்குன் போகலாம்' என்று நண்பர் கிளப்பிவிடுவார். திரும்பி வர அமெரிக்கா விடும், சரி. ஆனால் முத்திரை செத்துவிட்டதால் உள்ளே போக மெக்சிகோ தன் விசாவைக் கேட்கும். அது இல்லாமல் விமான கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு மட்டுமே. எச்-1பிக்காரர் புன்டா கானாவோ மொன்டேகோ பேயோ போனால் புது முத்திரை இல்லாமல் திரும்ப முடியாது.

குழுவில் இப்படி ஒருவர் இருந்தாலும் மூன்று ஊரையும் விட்டுவிட்டு சான் ஹுவானின் இஸ்லா வெர்டேவுக்குப் போவதே நல்லது. புவர்ட்டோ ரிக்கோ அமெரிக்க நிலம். குடியேற்ற வரிசை இல்லை. திரும்பும்போது பெட்டியில் பழம், செடி இருக்கிறதா என்று விவசாயத் துறை ஸ்கேன் மட்டும். கடற்கரையும் விமான நிலையத்துக்குப் பக்கம். தன் விசா நிலையை மேலாளரிடம் சொல்லக் கூசி, 'உடம்பு சரியில்லை' என்று கடைசி நேரத்தில் நின்றுவிடுபவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. ஏற்பாடு செய்பவர் ஊரை முடிவு செய்யும் முன்பே எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுவது நாகரிகம்.

லேப்டாப், பிளக், வைஃபை

மெக்சிகோ சுங்க விதிப்படி பயணி ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகக்கூடியது ஒரு லேப்டாப். ஆபீஸ் லேப்டாப், சொந்த லேப்டாப் இரண்டும் பையில் இருந்தால் இரண்டாவதற்கு வரி கேட்கலாம். கான்குனுக்கு ஒன்றே போதும். வேப் கருவி (மின்-சிகரெட்) கொண்டுபோகவே கூடாது, மெக்சிகோவில் தடை.

மூன்று ஊரிலும் அமெரிக்க பிளக் பொருந்தும். ஆனால் பழைய அறைகளில் சுவர் சாக்கெட்டில் இரண்டு துளைதான் இருக்கும். லேப்டாப் சார்ஜரின் மூன்றாவது கம்பி வெளியே நிற்கும். மூன்றை இரண்டாக்கும் சின்ன அடாப்டர் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சார்ஜருக்குக் கவலையில்லை, அமெரிக்காவிலிருந்து மோட்டார் உள்ள கருவி எதையும் எடுத்துப் போகாதிருந்தால் சரி. புன்டா கானா பகுதிக்கு மின்சாரம் தருவது தனியார் நிறுவனம், வலையமைப்பும் தனி. நாட்டின் மற்ற இடங்களில் வாடிக்கையான மின்வெட்டு ரிசார்ட்டுகளில் அவ்வளவாகத் தெரியாது.

வைஃபை லாபியில் பறக்கும், அறையில் தவழும். கான்கிரீட் சுவர் சும்மா விடாது. கூட்ட அறைக்குக் கேபிள் இணைப்பு உண்டா, அப்லோடு வேகம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று: ஏசியில் குளிர்ந்த கேமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் பனி மூடி குரூப் போட்டோ முழுக்கப் புகை மண்டலமாக வரும். அரை மணி நேரம் முன்பே பையோடு பால்கனியில் வைத்துவிட வேண்டும்.

ஆல்-இன்க்ளூசிவ் கணக்கு

புன்டா கானாவில் ஏறக்குறைய எல்லாமே ஆல்-இன்க்ளூசிவ்: அறை, சாப்பாடு, மது எல்லாம் ஒரே கட்டணத்தில். நாற்பது பேரை ஒரே வளாகத்துக்குள் அடைத்து வேலை வாங்க அதைவிட வசதி இல்லை. தொல்லை வேறு இடத்தில். பில் ஒரே வரியாக வரும். சாப்பாடு, அறை, மது பிரித்துக் காட்டச் சொன்னால் ஆபீஸ் கணக்குப் பிரிவுக்குத் தேவையான மாதிரி கிடைக்காது. முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். மணிக்கட்டுப் பட்டை இல்லாதவர் உள்ளே வர முடியாது. உள்ளூர் கிளையன்ட் மதியம் வருகிறார் என்றால் அவருக்கு டே பாஸ் எடுக்க வேண்டும். இரவு நல்ல உணவகங்களில் ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, மூடிய காலணி கேட்பார்கள். வெளியே சாப்பிட்டால் டொமினிக்கன் பில்லில் 18 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் ஏறும். மெனு விலையில் நூறு என்றால் கையில் நூற்று இருபத்தெட்டு.

சைவர்களுக்கு மொன்டேகோ பே சுலபம்: ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கா சமயப் பிரிவினரின் ஐட்டல் எனும் சைவச் சமையல், நம் கீரையைப் போன்ற கலலூ, எல்லாம் ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். கான்குனில் கருப்பு பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் தாளித்ததாக இருக்கலாம், சாதம் கோழிச் சாற்றில் வெந்ததாக இருக்கலாம். 'சின் மன்டேகா, சின் கால்டோ தே போயோ' என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். புன்டா கானாவில் வாழைக்காயைத் தட்டி இருமுறை பொரித்த தொஸ்தோனஸ் கைகொடுக்கும்.

எந்த மாதம்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். 2005 அக்டோபரில் வில்மா புயல் கான்குன் கடற்கரை மணலையே அள்ளிக்கொண்டு போனது. 2025 அக்டோபர் 28-ல் மெலிசா ஐந்தாம் வகைப் புயலாக மேற்கு ஜமைக்காவில் கரையேறியது; ஆகவே மொன்டேகோ பே என்றால் ஹோட்டல் 'திறந்துவிட்டது' என்ற வார்த்தையோடு நிறுத்தாமல் எத்தனை அறைகள், கூட்ட அறை, நீச்சல் குளம் எல்லாம் இயங்குகின்றனவா என்று கேட்க வேண்டும்.

கோடைக்கு இன்னொரு எதிரி சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. கரையில் குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். வெள்ளிக் கொலுசு, மோதிரம் கருத்துப்போகும். கிழக்கு பார்த்த கரைகளில்தான் அதிகம் ஒதுங்கும்: கான்குனின் நீளப் பகுதி, பவாரோ. '7'-இன் மேல்கோடு போன்ற வடக்குக் கரையிலும், வடமேற்கு பார்த்த மொன்டேகோ பேயிலும் தொல்லை குறைவு.

ஆக, வெவ்வேறு நகரங்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்வதானால் நேரடி விமானம் மிகுந்த கான்குன். எட்டுப் பத்துப் பேர் கொண்ட சின்னக் குழுவுக்கு மொன்டேகோ பே. பெருங்கூட்டத்தை ஒரே இடத்தில் கட்டிப்போட புன்டா கானா. எங்கே போனாலும் ஞாயிறு திரும்பும்போது மயாமியிலோ அட்லாண்டாவிலோ மாறுவதானால் குடியேற்ற வரிசை, பெட்டியை எடுத்து மறுபடி போடுவது, பாதுகாப்புச் சோதனை மூன்றும் இருக்கின்றன. இடையில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைத்து டிக்கெட் எடுக்க வேண்டாம். வரிசையைச் சுருக்கும் மொபைல் பாஸ்போர்ட் செயலி எச்-1பிக்காரர்களுக்குக் கிடையாது. முன்சோதனை முடித்தவர்களுக்கு வரிசையைத் தவிர்க்கும் குளோபல் என்ட்ரி திட்டம் கிடைக்கும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.