மூன்று மாதச் சம்பளம் போச்சு: பிள்ளைக்குப் பேச்சுக் கருவி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கருவியை விற்றவர்களோடு பேசி முடித்தேன். "பெட்டியைப் பிரிச்சிட்டீங்களே மேடம், இனிமே பணம் திருப்பித் தர முடியாது." பிரிக்காமல் எப்படி ஐயா பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது? போனது எங்கள் வீட்டின் மூன்று மாதச் சம்பளம்.

மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். வாயில் வருவது நான்கைந்து சொற்கள், அதுவும் எல்லா நாளும் வராது. ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். அதனால்தான் பேச்சுக் கருவி வாங்க முடிவு செய்தோம். டேப்லெட் மாதிரி ஒன்று. திரையில் படம் போட்ட பட்டன்கள் இருக்கும், தொட்டால் குரல் வரும். விற்றவர்கள் கருவியோடு பயிற்சியும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் நிறுவனம். பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அவர்களே அன்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். டெமோ காட்ட வீட்டுக்கே ஆள் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தரையில் சம்மணம் போட்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்து, கருவியை அவன் மடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் பிள்ளையின் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டது. "அம்மா." "எனக்கு." "உன்னை." "பிடிக்கும்." ஆறு வருஷமாகக் காத்துக்கிடந்த காது இது. எனக்கு அழுகை அடங்கவில்லை. அன்று ராத்திரியே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். தவணையாகக் கட்டலாமா என்று கணவர் கேட்டதற்கு, பிள்ளை பேசும்போது கணக்குப் பார்க்கிறீர்களா என்று அவர் மேல் பாய்ந்ததும் நான்தான்.

அன்று எடுத்த வீடியோவைப் போன வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். மகன் திரையைப் பார்க்கவே இல்லை. கண் ஜன்னல் பக்கம் இருக்கிறது. அந்த ஆளின் இரண்டு விரல் அவன் முழங்கைக்கு அடியில். முழங்கை நகர்கிறது, விரல் விழுகிறது, குரல் வருகிறது. நான்கு முறையும் அப்படியேதான்.

இது இவர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. பேசாத பிள்ளையின் கையைத் தாங்கிப் பிடித்து "எழுத வைக்கும்" முறை ஒன்று 1990களில் பெரிய அலையாக வந்தது. அப்போதே சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம். வந்த பதில்கள் கை பிடித்தவர் பார்த்த படத்தைத்தான் சொல்லின. இந்த முறையைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் அறிக்கையே விட்டிருக்கிறது. இதெல்லாம் பணம் கட்டின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்ன செய்ய.

சரி, கருவி வந்தது. திறந்தால் பன்னிரண்டு பட்டன்தான் வேலை செய்கிறது. மற்றதெல்லாம் பூட்டு. பந்து, கார், பூனை, நாற்காலி என்று எல்லாம் பொருள் பெயர்கள். இவற்றில் 80 சதவீதம் சரியாகக் காட்டினால்தான் அடுத்த கட்டம் திறக்குமாம். "வேண்டாம்" இல்லை, "போதும்" இல்லை, "உதவி" இல்லை. நாற்காலி என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு ஐயா அவசரம்? பயிற்சியாளர் வீடியோவில் வந்து "பந்து எங்கே? காட்டு" என்று பரீட்சை வைத்தார். அவன் எழுந்து போய்விட்டான். பன்னிரண்டு வகுப்புக்குப் பணம் கட்டினோம், நடந்தது மூன்று.

எங்கள் பழைய ஸ்பீச் தெரபிஸ்டைப் போனில் பிடித்து அழுதேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கைக்குழந்தை ஒரு வருஷம் பேச்சைக் கேட்ட பிறகுதானே ஒரு சொல் சொல்லுது? நீங்க முதல்ல அந்தக் கருவியில பேசுங்க. அவனைக் கேட்காதீங்க, சோதிக்காதீங்க." கருவி விற்ற நிறுவனத்தோடு சண்டை போட்டு "போதும்", "இன்னும்" உட்பட எட்டுச் சொல்லைத் திறக்க வைத்தேன். அப்புறம் குழாயை மூடும்போது நானே "போதும்" தொடுவேன், ஊஞ்சலை நிறுத்தும்போது "போதும்". ஆறு வாரம் ஆயிற்று. ஒரு நாள் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மூன்றாவது விரலுக்கு வரும்போது இடது கையை நீட்டி, கீழ் வலது மூலையைத் தொட்டான். "போதும்." முழங்கையை யாரும் தொடவில்லை. நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்தக் கையில் மூன்று நகம் வெட்டாமல் அப்படியே கிடந்தது, எனக்குக் கவலையே இல்லை.

பத்து நாள் கழித்து அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் போட்டார்கள். பட்டன்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன.

பழகிவிட்ட பிள்ளை படத்தைத் தேடித் தேடித் தொடுவதில்லை. நாம் பார்க்காமல் டைப் அடிப்பது போல, கைக்கு இடம் பழகியிருக்கும். மறுபடி நகம் வெட்ட உட்கார்ந்தோம். அவன் கை அதே மூலைக்குப் போனது. கருவி உற்சாகமாகச் சொன்னது: "இன்னும்." அவன் கருவியைப் பார்த்தான். மறுபடி தொட்டான். "இன்னும்." எனக்கும் விஷயம் புரியவில்லை. பரவாயில்லையே, பழகிவிட்டான் என்று நினைத்து, அடுத்த விரலையும் வெட்டினேன். அவன் கருவியைச் சுவரில் அடித்தான். அடிக்காமல் என்ன செய்வான்?

அதற்கப்புறம் ஆறு முறை போன். முதல் ஆள், "புது டிசைன் இன்னும் அழகா இருக்கே மேடம்." அடுத்தவர், பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பேக்கப் எடுக்கும் வசதி இதைவிடப் பெரிய பேக்கேஜில்தான் உண்டு. பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், மீதி ஒன்பது வகுப்புக்குப் பதில் இல்லை. திரை விரிசல் "தவறான பயன்பாடு", வாரன்டி கிடையாது. மேனேஜர் சொன்னதுதான் உச்சம்: "உங்க பையன் இன்னும் கருவிக்குத் தயாராகலை. முதல்ல படம் பொருத்தப் பழகட்டும்." எங்களிடம் மூன்று மாதச் சம்பளத்தை நீங்கள் வாங்கின அன்று நான்கு சொல்லில் வாக்கியம் பேசினானே, அன்றைக்கு மட்டும் தயாராக இருந்தானா? லைன் கட்.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் வேறு. "மெஷினைக் கொடுத்தால் வர்ற பேச்சும் நின்னுடும்னு அப்பவே சொன்னோம்." அப்படி இல்லை. பழைய ஆய்வுகளை 2006இல் திரட்டிப் பார்த்தபோது, நம்பத்தகுந்த விவரம் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. என் கோபம் கருவி மேல் இல்லை. விற்றவர்கள் மேல்.

பத்துக் குறிப்பு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், நேரம் ஓடிவிட்டது. அவசரமாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டெமோவில் பிள்ளையின் கை, முழங்கை, தோள் எதையாவது தொட்டால் பணம் கட்டாதீர்கள். சில வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கத் தராதவர்களிடம் வாங்காதீர்கள். சொற்களைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, பட்டன் இடம் மாறுமா, பேக்கப்பை நாமே எடுக்க முடியுமா, மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுப் பணம் முன்னால் வேண்டவே வேண்டாம்.

இப்போதைக்குத் திரையின் பழைய போட்டோவைப் பெரிதாக அச்செடுத்து, லேமினேட் செய்து கொடுத்திருக்கிறோம். குரல் வராது, நாங்கள்தான் சத்தமாகச் சொல்கிறோம். பட்டன்கள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. நான் டைப் செய்துகொண்டிருக்கும்போதே அட்டையோடு வந்து நிற்கிறான். கீழ் வலது மூலையில் விரல். போனை வைக்கிறேன்.