தவுக்கேக்கும் அம்மாவுக்கும் ஊசி நேரம்: சுங்கை சிப்புட்டில் ஏழு வாரங்கள்

பெர்த்திலிருந்து நான் வீடு வந்து சேர்ந்த இரவில் அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து முதலில் காட்டியது தமக்கு மருத்துவமனையில் கொடுத்த எதையும் அன்று. பழைய மைலோ டின்னுக்குள் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த பூனையின் இன்சுலின் புட்டியைத்தான். மார்பகப் புற்றுநோய்க்கான முதல் கீமோ முடிந்து பதினெட்டு நாளாகியிருந்தது. தலையணையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் அவருடைய கவலையெல்லாம், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தவறாமல் ஊசி போட்டும் தவுக்கேக்கு ஏன் சர்க்கரை இறங்கவில்லை என்பதாகவே இருந்தது. தவுக்கே என்பது எங்கள் ஒன்பது வயது ஆண் பூனை. முதலாளியைப் போலத் தொந்தியும் தொங்கலுமாக வாசற்படியில் உட்கார்ந்திருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பெயர் அது.

சுங்கை சிப்புட் மலேசியாவில் ஈப்போ நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். அம்மாவும் பத்தொன்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்தை விட்டு, ஊருக்குள் மலிவு விலை வீடொன்றில் குடியேறிப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்து வந்தார். வயது 58. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைமை எப்போதாவது வரக்கூடும் என்பதால், இந்த ஏழு வாரங்களில் எந்தச் சேவை கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை எழுதி வைக்கிறேன்.

கீமோவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அது நன்றாகவே நடந்தது. அரசாங்க மருத்துவமனையில் நிபுணர் மருத்துவரைப் பார்க்க அம்மா கட்டியது 5 வெள்ளி (ரிங்கிட்). பெர்த்தில் நான் காடியை நிறுத்தி வைக்கக் கொடுப்பது அதைவிட அதிகம் என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து. முதல் நான்கு சுற்றுக்கு டாக்சோரூபிசினும் சைக்குளோபாஸ்பமைடும், அதற்குப் பிறகு வேறொரு மருந்து. டாக்சோரூபிசின் ரோஸ் சர்பத் நிறத்தில் இருக்கும். அன்று சிறுநீரும் சிவந்து போகும். அது இரத்தமில்லை என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் பதறிவிடுவார்கள்.

சிரமம் போக்குவரத்தில்தான். காலை ஏழு மணிக்குள் வரிசை எண் எடுக்க வேண்டுமானால் ஐந்தே முக்காலுக்குள் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் எங்கள் பகுதியில் கிராப் வாடகைக் காடி கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முதல் சுற்றுக்கு அம்மா இரண்டு பேருந்து மாறித் தனியாகப் போய் வந்ததைக் கேட்டு எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. இங்கே ஒரு பயனுள்ள செய்தியைச் சொல்ல வேண்டும். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 என்னும் அரசாங்கத் திட்டத்தில், குறைந்த வருமானமுள்ள, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் உள்ளவர்களுக்குப் போக்குவரத்துச் செலவுக்கு 500 வெள்ளி வரையும் உண்டு. அம்மாவுக்குத் தகுதி இருந்தும் அதைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும், மலாயில் உள்ள விண்ணப்பப் பாரத்தைப் பார்த்ததும் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவது அவருடைய வழக்கம். உங்கள் வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பூனையின் கதைதான் என்னைச் சினம் கொள்ள வைத்தது. மருத்துவர் தவுக்கேக்கு எழுதிக் கொடுத்தது விலங்குகளுக்கான இன்சுலின். ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வலிமை உள்ளது. வேளைக்கு இரண்டு யூனிட். அம்மா ஊசிக்குழாயில் ‘2’ என்ற கோடுவரை கச்சிதமாக இழுத்து, முதுகுத் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்துப் போட்டு வந்தார். கைப்பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் குப்பையில் போடப்போன ஊசிக்குழாயை நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மூடி ஆரஞ்சு நிறம். பக்கவாட்டில் ‘யு-100’ என்று அச்சடித்திருந்தது. அது மனிதர்களின் 100 யூனிட் இன்சுலினுக்கான குழாய். 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடியுள்ள யு-40 குழாய்தான் வேண்டும். ஆரஞ்சுக் குழாயில் ‘2’ வரை இழுத்தால் உள்ளே போவது 0.8 யூனிட் மட்டுமே. ஆறு வாரமாகத் தவுக்கேக்குப் பாதி மருந்துகூடப் போகவில்லை. அம்மாவோ தாம் கொடுக்கும் சோற்றில்தான் தவறு என்று நினைத்துத் தம்மையே நொந்துகொண்டிருந்தார்.

அந்த ஊசிக்குழாய்களை மருந்தோடு சேர்த்து விற்றது பூனைக்கு வைத்தியம் பார்த்த அதே கிளினிக். பெயர் வேண்டாம். நேரில் போய்க் கேட்டபோது, “ஊசி எல்லாம் ஒன்றுதான், சின்னதாக இருந்தால் போதும்” என்ற பதில் முகப்பிலிருந்து வந்தது. ஒன்றில்லை. இதே தவறு தலைகீழாக நடந்து, 100 யூனிட் இன்சுலினை யு-40 குழாயில் ‘2’ வரை இழுத்திருந்தால் ஐந்து யூனிட் உள்ளே போய், தாழ்சர்க்கரையில் பூனை வலிப்பு வந்து செத்திருக்கக்கூடும். வீட்டில் யாராவது விலங்குக்கு இன்சுலின் போடுகிறார்கள் என்றால், புட்டியில் உள்ள எண்ணையும் குழாயில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈப்போவில் வேறொரு கால்நடை மருத்துவர் சரியான குழாய்களைக் கொடுத்ததோடு, அதுவரை உள்ளே போனது குறைவு என்பதால் எடுத்த எடுப்பில் இரண்டுக்குத் தாவாமல் ஒன்றில் தொடங்கச் சொன்னார். நெத்திலி பிசைந்த சோற்றை நிறுத்தி, மாவுச்சத்துக் குறைந்த டின் உணவுக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான். காது மடலின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து வீட்டிலேயே சோதிக்கக் கற்றுக்கொடுத்தார். கிளினிக்குக்குக் கொண்டுபோனால் பயத்தாலேயே பூனையின் சர்க்கரை ஏறிவிடுமாம். இரண்டு வாரத்தில், மில்லிமோல் கணக்கில் 24-இல் இருந்த சர்க்கரை அளவு 13-க்கு வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தருகே தவம் கிடப்பதை விட்டுத் தவுக்கே பழையபடி வாசற்படிக்குத் திரும்பினார்.

இதற்கிடையே உறவினர்கள் வந்து போனார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் புற்றுநோய்க்கு நல்லது என்று சாபா பாம்புப் புல் என்னும் மூலிகையையும் துரியான் பெலாந்தா (முள்சீத்தா) இலையையும் கொண்டு வந்தார்கள். மீதிப் பேர் பூனையை மார்க்கெட்டில் விட்டுவிடச் சொன்னார்கள். இலைகளைப் பற்றி மருத்துவமனை மருந்தாளரிடம் கேட்டேன். கீமோ நடக்கும்போது கல்லீரலுக்கு வேறு வேலை வைக்க வேண்டாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பூனையைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் சுற்றின்போது மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மலாய்த் தாதிதான், அம்மாவின் புறங்கையில் இருந்த கீறலைப் பார்த்து, வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார். அத்தனை மருத்துவர்களில், அத்தனை பாரங்களில், அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். விரட்ட வேண்டியதில்லை என்றும், ஆனால் மணல் தட்டை அம்மா தொடவே கூடாது என்றும், வேறொருவர் கையுறை போட்டுத் தினமும் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அப்புறப்படுத்திவிட்டால் ஆபத்து குறையும். நகத்தை வெட்டி வைக்க வேண்டும். மருந்து ஏற்றிய இரண்டு நாள்களுக்கு அம்மாவின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கும் என்பதால், கழிப்பறையை மூடியைப் போட்டு இரண்டு முறை நீர் ஊற்ற வேண்டும், அங்கே பூனையை விடவே கூடாது.

இரண்டாம் சுற்று முடிந்த பத்தாம் நாள், அதிகாலை இரண்டு மணிக்கு அம்மாவின் உடம்பு சுட்டது. வெப்பமானியில் 38.3. கீமோ எடுப்பவர்களுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகக் கீழே இறங்கும். அப்போது 38 பாகையைத் தொட்ட காய்ச்சலுக்குப் பெனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் காடியை எடுத்தார். அவசரப் பிரிவில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் மருத்துவமனையில் கொடுத்திருந்த கீமோ அட்டையை முகப்பில் நீட்டியதும், பெயரைக் கூப்பிடும்வரை காத்திருக்கச் சொல்லாமல் உள்ளே தனியாகக் கொண்டுபோய், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அந்த அட்டையை மைகாட் அடையாள அட்டையோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருங்கள்; அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

ஐந்தே கால் மணிக்கு, கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்க, அம்மா கண்ணைத் திறந்து கேட்டது: “பாப்பா, ஆறு மணி ஊசிக்கு யாரு இருக்கா?”

யாரும் இல்லை. அப்போதுதான் பின்வரிசை வீட்டில் இருக்கும் டிரெசர் ஐயாவின் நினைவு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்தபோது எனக்குத் தடுப்பூசி போட்டவரும் அவர்தான். விடிவதற்கு முன் போன் செய்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். “கூலிக்கும் போட்டிருக்கேன், கங்காணிக்கும் போட்டிருக்கேன், கிராணிக்கும் போட்டிருக்கேன். தவுக்கே ஒருத்தர்தான் பாக்கி” என்றார். எந்தக் குழாய், எந்தக் கோடு என்பதை அவரே இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார். முதலில் உணவு, சாப்பிட்ட பிறகே ஊசி, சாப்பிடாவிட்டால் போடாமல் மருத்துவருக்கு அழைக்க வேண்டும், நடை தள்ளாடினால் பல் ஈறில் தேன் தடவ வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள், “தெரியும்மா, மனுசனுக்கும் அதுதானே” என்று வைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து அம்மா வீடு திரும்பினார். மூன்றாம் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு வெள்ளையணுக்களைக் கூட்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசிகளையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். மருந்து ஏற்றி 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, ஐந்து நாள் போட வேண்டும். அதையும் 2 முதல் 8 பாகைக் குளிரில்தான் வைக்க வேண்டும் என்பதால் ஒரே தட்டில் இரண்டு ஊசி மருந்துகள் சேர்ந்தன. அம்மாவுடையதை மேல்தட்டில் நீல டப்பாவிலும், பூனையுடையதைக் கீழ்த்தட்டில் மைலோ டின்னிலும் பிரித்து வைத்தேன். கதவில் ஒரு தாளை ஒட்டி, அம்மாவுக்கு ஒரு பத்தியும் தவுக்கேக்கு ஒரு பத்தியுமாகக் கோடு போட்டேன். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால், அந்தச் சில நாள்கள் அம்மாவுக்கும் விரலில் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு காலையில் தவுக்கேக்கு 9, அம்மாவுக்கு 11. அன்று முழுவதும் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் சுற்றுக்கு நான்கு நாள் முன்பு என் விடுப்பு முடிந்தது. ஃபில்கிராஸ்டிமைப் பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கில் போட்டுக்கொள்ள ஏற்பாடாயிற்று. போக வர ஓர் ஓட்டுநரைப் பேசி வைத்தேன். மணல் தட்டும் ஆறு மணி ஊசியும் டிரெசர் ஐயாவின் பொறுப்பு. பணம் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று தெரிந்து, அவருக்குப் பிடித்த முறுக்கு டின்னை விட்டுவிட்டு வந்தேன்.

பெர்த்துக்கும் மலேசியாவுக்கும் மணி ஒன்றுதான். இங்கே ஆறு என்றால் அங்கேயும் ஆறு. தினமும் ஆறே காலுக்கு ஐஸ்பெட்டிக் கதவின் படம் வாட்சாப்பில் வருகிறது. நான்காம் சுற்றுக்கு மறுநாள் தவுக்கேயின் பத்தியில் ‘சாப்பிட்டார், 2 யூனிட்’ என்றும், அம்மாவின் பத்தியில் அதே நடுங்கும் கையெழுத்தில் ‘இட்லி ஒன்றரை, காய்ச்சல் இல்லை’ என்றும் எழுதியிருந்தது.