மூடி மட்டும் கையோடு வந்துவிட்டது: கிறிஸ்துமஸ் மரத்துக் கண்ணாடி உருண்டைகளோடு பல வருஷப் பழக்கம்

தோழி ஒருத்தி கேட்டாள்: “குழந்தைக்கு இது முதல் கிறிஸ்துமஸ். மரத்தில் மாட்ட ஏதாவது ஒன்று வாங்கி, வருஷம் எழுதி வைக்கணும். பெரியவளானதும் காட்டலாம். கண்ணாடி உருண்டை வாங்கவா, உடையாத பிளாஸ்டிக்கே போதுமா?”

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட நேரம் அப்படி. எங்கள் வீட்டில் அதே மாதிரி ஒரு ‘முதல் கிறிஸ்துமஸ்’ உருண்டை உடைந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கண்ணாடி என்றால் உடையும். அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் மூடியின் மேல்தான். உருண்டையின் கழுத்தில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்தச் சின்னத் தகர மூடி. அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வளைத்த ஒரு மெல்லிய கம்பி இருக்கும். மேலே வளையம், கீழே இரண்டு கால்கள். காலிரண்டையும் சேர்த்துப் பிடித்து கழுத்துக்குள் நுழைத்து விட்டால், அவை விரிந்து உள்சுவரை அழுத்திக்கொள்ளும். அவ்வளவுதான். பசை இல்லை, திருகு இல்லை. உருண்டையின் முழு எடையையும் அந்த இரண்டு கால்களின் விறைப்புதான் தாங்குகிறது.

புதிதில் நன்றாகத்தான் பிடிக்கும். வருஷங்கள் போகப் போகக் கம்பி தளரும், துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கால்கள் உள்ளே உரசி, கழுத்தோரத்து வெள்ளிப்பூச்சு வேறு உதிரும். கடைசியில் ஒரு நாள் வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் வளையம் வரும், மூடி வரும், உருண்டை வராது.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். தம்பி பிறந்த வருஷம் அம்மா வாங்கிய அரக்கு நிற உருண்டை. நடுவில் வெள்ளைப் பொடியால் ஒரு வளைவுக் கோடு, அதன் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். அம்மா ஒவ்வொரு உருண்டையின் வளையத்திலும் நூல் கோர்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் யார், எந்த வருஷம் என்று எழுதிக் கட்டியிருப்பார். இதில் ‘தம்பி, முதல் கிறிஸ்துமஸ்’ என்று இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைத் தம்பிதான் மாட்டுவான். வேறு யாரையும் தொட விடமாட்டான். இப்போது அவனுக்கே மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த முறை கிளையில் மாட்டிவிட்டுக் கையை எடுத்த அடுத்த நொடி, மூடி கிளையில் நிற்க உருண்டை கீழே போய்விட்டது. “அக்கா, மூடி மட்டும் நிக்குது” என்றான். சத்தம் கேட்டு உள்ளே வந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, துடைப்பம் எடுக்கப் போய்விட்டார். மூடி, நூல், சீட்டு மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. இருக்க வேண்டியதுதான் இல்லை.

இந்த உருண்டையில் இந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மனிதர்கள் மாற்றி மாற்றிச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு அடங்கவில்லை. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லௌஷா என்ற ஊர். 1597 முதல் கண்ணாடி வேலைதான் அங்கே பிழைப்பு. மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளை 1840களின் பிற்பகுதியில் அங்கேதான் ஊதத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் உள்ளே பளபளப்புக்காக ஈயமும் தகரமும் கலந்த பூச்சுகள். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கண்ணாடிக்குள் ஊற்றிக் குலுக்கி, கண்ணாடி மேலேயே வெள்ளியைப் படியவைக்கும் முறை வந்தது. லீபிக் என்ற வேதியியலாளர் வழி வந்த முறை அது. 1860களில் ஊருக்கு எரிவாயு வந்ததும், சூட்டைக் கட்டுப்படுத்தி இன்னும் மெல்லியதாக ஊத முடிந்தது. 1939 வாக்கில் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலை, மின்பல்பு செய்யும் இயந்திரத்திலேயே உருண்டைகளையும் ஊத ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில். அப்புறம் இரண்டாம் உலகப் போர். உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் வெள்ளிப்பூச்சைக் கைவிட்டு, வெறும் கண்ணாடியில் வண்ணக் கோடுகள் மட்டும் போட்டு விற்றார்கள். தகர மூடிக்குப் பதில் அட்டை மூடி! தேவை வந்தபோது மூடியையே காகிதத்தில் செய்தவர்களுக்கு, போர் முடிந்ததும் அது கழுத்தை இன்னும் கெட்டியாகப் பிடிக்க வழி பார்க்கத் தோன்றவில்லை. இன்றைக்குப் புதிதாக ஒரு பெட்டி வாங்கினாலும் உள்ளே அதே இரண்டு கால் கம்பிதான்.

சரி, கோபத்தில் நியாயத்தை விட்டுவிடக் கூடாது. கண்ணாடி உருண்டையின் அழகுக்கு ஈடு கிடையாது. வெள்ளி உள்பக்கம், வண்ணம் வெளிப்பக்கம், நடுவில் கண்ணாடி. ஒளி வண்ணத்தையும் கண்ணாடியையும் தாண்டிப் போய், வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. அதனால்தான் அந்த நிறத்துக்கு ஓர் ஆழம் இருக்கிறது. பழையதாகி வெள்ளி அங்கங்கே கறுத்தாலும் அந்த ஆழம் போவதில்லை, இன்னும் கூடுகிறது என்றே சொல்வேன். அம்மா சின்ன வயதில் மாட்டிய பச்சை உருண்டை ஒன்று இருக்கிறது. அடியில் பூச்சு பொரிந்து, கண்ணாடி தெரிகிறது. மரத்திலேயே முதலில் கண் போவது அதன் மேல்தான்.

இன்னொரு அதிசயமும் எங்கள் பெட்டியில் உண்டு: கண்ணாடிப் பறவை. உடம்பு ஊதிய கண்ணாடி, வால் மட்டும் முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைகள். பார்த்தால் தொடவே பயமாக இருக்கும். உருண்டைகள் ஒவ்வொன்றாக உடைந்துபோன இத்தனை வருஷத்தில் இந்தப் பறவை ஒரு தடவை கூட விழுந்ததில்லை. காரணம் எளிது, அதற்கு மூடி இல்லை. காலடியில் ஸ்பிரிங் கிளிப் வைத்திருக்கிறார்கள், கிளையைக் கவ்விக்கொள்கிறது. வால் இழைகளில் சில ஒடிந்திருக்கின்றன, அவ்வளவுதான். கிளை மெலிந்திருந்தால் பறவை தலைகுப்புறச் சாயும் என்பது உண்மை. அதனால் அம்மா எப்போதும் தண்டை ஒட்டிய தடித்த கிளையில் முதலில் அதை உட்காரவைத்துவிட்டுத்தான் மற்றதை எடுப்பார்.

பிளாஸ்டிக் உருண்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் வளர்ந்த வருஷங்களில் மரத்தின் கீழ்ப்பாதி முழுக்க அதுதான். விழுந்தால் துள்ளும், உருளும், சோபாவுக்கடியில் போய் ஒளியும். பூனை அடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஜிகினா தூவியது வேண்டாம், வருஷம் முழுக்க வீடெல்லாம் மினுக்கும். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் ஒட்டுக் கோடு தெரியும், பளபளப்பு மேலோடு நின்றுவிடும். நான் சொன்ன ஆழம் அதில் இல்லவே இல்லை.

உப்பு மாவில் பிசைந்து செய்ததும் ஒன்று இருக்கிறது, தங்கையின் கைவேலை. அவள் பெருவிரல் பதிந்த நட்சத்திரம். உப்பு ஈரத்தை இழுக்கும், நூல் கோர்க்கும் துளை வரைக்கும் வார்னிஷ் பூசாவிட்டால் மெத்தென்று ஆகிவிடும். நாய் இருக்கிற வீட்டில் கட்டாயம் எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும், அவ்வளவு உப்பு நாய்க்கு ஆபத்து.

கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இது. வளையத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், உள்ளங்கையில் ஏந்தி எடுங்கள். மரத்தில் மாட்டும் முன் மூடியை மெல்லக் கழற்றி, கம்பிக் கால்களைச் சாமணத்தால் கொஞ்சம் அகட்டி மறுபடி போடுங்கள். ரொம்ப அகட்டினால் கழுத்தே விரிசல் விடும். துருப்பிடித்த கம்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மாற்று மூடிகள் தனியாக விற்கிறார்கள். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது, பழைய வண்ணம் துணியோடு வந்துவிடும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். வெள்ளை டிஷ்யூ காகிதம்தான் சரி. சூடேறும் இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு என் தோழிக்கு என்ன பதில்? இன்றைக்குக் கேட்டால், கண்ணாடி உருண்டை வேண்டாம். ஆழம், அழகு என்று நான் மேலே எழுதியதெல்லாம் உண்மை, ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன். ஆனாலும் குழந்தையின் முதல் கிறிஸ்துமஸை இரண்டு கம்பிக் கால்களை நம்பித் தொங்கவிடாதே. கிளிப் வைத்த பறவை கிடைத்தால் வாங்கு. இல்லையென்றால் பிளாஸ்டிக், அல்லது உடம்பிலேயே துளை போட்டு நூல் கோர்த்த மரத்துண்டு. பச்சை உருண்டையை நான் இந்த வருஷமும் மாட்டத்தான் போகிறேன். அதற்கும் உனக்குச் சொல்வதற்கும் சம்பந்தமில்லை.

எதை வாங்கினாலும் வருஷத்தை அதன் மேல் மார்க்கரில் எழுதாதே, பளபளப்பான பரப்பில் மை நிற்காது, கை பட்டுப் பட்டு அழியும். சீட்டில் எழுதிக் கட்டு. குழந்தையின் முழுப்பெயர், யார் வாங்கியது, எந்த வருஷம் எல்லாம் இருக்கட்டும். எங்கள் பெட்டியில் ‘அத்தை கொடுத்தது’ என்று மட்டும் எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது. யாருடைய அத்தை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் சொல்லக்கூடியவர்களும் இப்போது இல்லை.