நைலான் ஸ்டாக்ல தேஞ்சு போன ஸ்க்ரூ ஓட்டைக்கு பித்தளை புஷ்: குறுவையிலிருந்து அடுத்த குறுவை வரைக்கும் பார்த்தது

ஏர் ரைஃபிளோட சிந்தெடிக் ஸ்டாக்ல (கையில பிடிச்சு தோள்ல வைக்கிற பிளாஸ்டிக் கட்டை), பின்னாடி தோள்ல முட்டுற பட் அடியில ஸ்லிங், அதாவது தோள் வார், மாட்டுற ஸ்டட்ன்னு ஒரு குமிழ் ஸ்க்ரூ இருக்கும்ல, என்னோடதுல அந்த ஓட்டையில மரை தேஞ்சு போயி ஸ்க்ரூ சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. போன குறுவை நடவு சமயத்துல அதுக்குப் பித்தளை புஷ் (உள்ள மரை வெட்டின சின்னக் குழாய்) வச்சேன். அதுக்கப்புறம் ஐப்பசி கார்த்திகை அடைமழை, தை அறுப்பு, சித்திரை வெயில் எல்லாத்தையும் பார்த்துட்டு இப்ப மறுபடி நாத்து விடுற நேரமும் வந்துடுச்சு, ஸ்டட் இம்மியும் அசையல. இவ்வளவு நாள் ஓடினப்புறம் எழுதினாதான் அடுத்தவங்களுக்கு உபயோகமா இருக்கும்னுதான் இப்ப எழுதுறேன்.

முதல்ல ஏன் தேயுதுன்னு பாருங்க. கம்பெனிக்காரங்க நிறைய மாடல்ல நேரா பிளாஸ்டிக்லயே செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவ ஏத்தி விட்டுடுறாங்க, ஒவ்வொரு தடவ கழட்டி மாட்டும்போதும் அது பழைய மரையில சரியா உக்காராம புதுசா வெட்டிக்கிட்டே போகும். அதோட ஸ்லிங்க கையில சுத்தி இறுக்கிப் பிடிச்சு சுடுறவங்களுக்கு இழுவை பூரா அந்த ஒத்த ஸ்க்ரூ மேலதான். ஸ்பிரிங் பிஸ்டன் துப்பாக்கில இன்னொரு தொல்லையும் உண்டு, பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும், பிஸ்டன் போய் முட்டுனதும் முன்னாடி இழுக்கும், ரெண்டு பக்கமும் உலுக்கினா எந்த ஸ்க்ரூவும் லூஸ் ஆகத்தான் செய்யும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இதே ஓட்டைக்கு சூப்பர் குளூவும் சமையல் சோடாவும் போட்டு அடைச்சு வச்சிருந்தார். கொஞ்ச நாள் நின்னுச்சு, அப்புறம் கட்டி முழுசா ஸ்க்ரூவோட உருவி வந்துடுச்சு. அதைக் கையில வாங்கிப் பார்த்தேன், பக்கவாட்டுல பழைய மரையோட அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு, ஆனா ஸ்டாக்கோட கறுப்பு ஒரு துளி கூட அதுல ஒட்டி வரல. நைலானோட குணமே அதுதான், பசை அது மேல சரியா பிடிக்காது. 1959ல ரெமிங்டன் கம்பெனி டூபாண்ட்டோட ஸைட்டல் நைலான வச்சு நைலான் 66ன்னு ரைஃபிள் கொண்டு வந்த காலத்துலேர்ந்தே நைலான் ஸ்டாக் உழைப்புக்குப் பேர் போனது, ஒட்டுற வேலைன்னு வந்தா மட்டும் மல்லுக்கட்டும். என் ஸ்டாக் உள்பக்கம் பிஏ66 ஜிஎஃப்30ன்னு அச்சுல இருக்கு, அதாவது நைலான் 66, கண்ணாடி இழை 30 சதவீதம். தீக்குச்சிய உடைச்சு ஓட்டையில சொருகுற வைத்தியமெல்லாம் மரக் கதவுக்கு சரி, இதுக்கு ஆகாது.

அதனால நான் முடிவு பண்ணது ஒண்ணுதான், பசைய நம்பக்கூடாது, இழுத்தாலும் வெளிய வர முடியாத மாதிரி வடிவமே பூட்டா இருக்கணும். பட் முனைய மூடியிருக்குற பேட கழட்டினா ஸ்டாக் உள்ள பொள்ளலா இருக்கு, விரல் நல்லா போகுது. சரின்னு புஷ்ஷ வெளியிலேர்ந்து அடிக்காம உள்ளேர்ந்து வெளிய பார்த்து சொருகுற மாதிரி வரைஞ்சு கும்பகோணத்துல ஒரு லேத் பட்டறையில குடுத்தேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கடையுற ஊர் பக்கத்துலயே இருக்கும்போது பித்தளைக் கடைசலுக்கு ஆளா தேடணும். துப்பாக்கிய எடுத்துட்டுப் போகல, அளவு எழுதின சீட்டு மட்டும்தான். வெளி விட்டம் 8 மில்லி, தலையில 16 மில்லிக்கு காலர் (அகலமான விளிம்பு), காலர் ரெண்டு பக்கமும் தட்டையா அரம் போட்டு, உடம்புல ரெண்டு காடி, உள்ள 4.2 மில்லி டிரில் போட்டு எம்5 (5 மில்லி ஸ்க்ரூவுக்கான) மரை. ஸ்டட்டையும் எஸ்.எஸ். ராடுல எம்5 மரையோட புதுசா கடைஞ்சு வாங்கிட்டேன். இப்ப ஸ்லிங்க எவ்வளவு இழுத்தாலும் காலர் உள்சுவத்துல இன்னும் இறுக்கமா அமுங்குமே தவிர வெளிய வராது.

வேலைக்கு உக்கார்றதுக்கு முன்னாடி பேரல்ல பெல்லட் (குண்டு) இல்லன்னு பார்த்துட்டு, ஸ்பிரிங் இழுத்து வச்ச நிலையில இல்லன்னும் பார்த்துட்டு, ஆக்‌ஷன (பேரலும் ஸ்பிரிங்கும் இருக்குற பகுதிய) ஸ்டாக்லேர்ந்து தனியா கழட்டி வச்சுடுங்க. புஷ்ஷுக்காக ஓட்டைய பெரிசாக்கும்போது டிரில்ல மெதுவா விடுங்க, வேகமா விட்டா நைலான் உருகி ஓட்டை வாய் இழுத்துக்கும். உள்சுவத்தக் கீறி விடுற யோசனை நாகப்பட்டினத்துல ஃபைபர் படகு ரிப்பேர் பண்ற அண்ணன் சொன்னது. "தம்பி, வழவழன்னு இருந்தா ஒண்ணும் புடிக்காதுப்பா, நல்லா கீறி வுட்டுட்டு அப்புறம் பூசு"ன்னார். படகுக்குப் போடுற கிளாஸ் மேட்ல ஒரு துண்டும் அவர்தான் குடுத்தார். அதைப் பொடியா வெட்டி அரால்டைட்டோட (ரெண்டு டியூப் கலந்து போடுற எபாக்சி பசை) குழைச்சு, காலர சுத்தி காளான் குடை மாதிரி பரவ விட்டேன், தட்டையான பக்கங்கள்ல அது இறுகிட்டா புஷ் சுத்தாது. ஸ்டட் மரையில ஷூ பாலிஷ் தடவி முறுக்கி வச்சுட்டுதான் பூசணும், இல்லன்னா ஸ்டட்டும் சேர்ந்து ஒட்டிக்கும். நம்ம ஊர் வெயில்ல கலவை சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. ஒரு நாள் முழுசா விட்டுட்டுதான் திரும்பத் தொட்டேன்.

இப்ப நிலவரம். மழைக்காலத்துல புஷ்ஷ சுத்தி வெளிய ஒரு மயிரிழை கோடு தெரிஞ்சுது, நைலான் ஈரத்த இழுத்து லேசா உப்பும், அதனாலதான்னு நினைக்கிறேன். வெயில் வந்ததும் அதுவும் சரியா தெரியல. ஸ்டட் தலையிலேர்ந்து ஸ்டாக் வரைக்கும் வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், தலையில இருக்குற கோடும் ஸ்டாக்ல இருக்குற கோடும் இன்னும் நேராதான் நிக்குது. ஸ்டட்ட எத்தனையோ தடவ கழட்டி மாட்டியாச்சு, பித்தளை மரை புதுசு மாதிரி இருக்கு. வெளிப்பூச்சு மட்டும் எனக்குத் திருப்தி இல்ல, கறுப்புக்கு டோனர் பவுடர் கலந்தும் ஸ்டாக்கோட மேட் நிறம் வரல, பக்கத்துல பார்த்தா பளபளப்பு காட்டிக் குடுத்துடும்.

இது .177 காலிபர் (4.5 மில்லி குண்டு), 20 ஜூல் சக்திக்குள்ள இருக்குற, லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைஃபிளுக்கு சொல்றது. லைசென்ஸ் துப்பாக்கின்னா அதுக்கு லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடைக்குப் போயிடுங்க. அப்புறம் நான் சுடுறது பேப்பர் டார்கெட் மட்டும்தான், வடுவூர் ஏரிக்கு வர்ற பறவைங்க நம்ம வயல்லதான் இரை எடுக்குது, அதுங்க மேல குறி வைக்கிறவங்களுக்காக இத எழுதல.

முன்பக்க ஸ்டட் இன்னும் கம்பெனி ஸ்க்ரூவுலதான் நிக்குது, லேசா ஆட ஆரம்பிச்சிருக்கு. அங்க ஃபோர் எண்ட், அதாவது ஸ்டாக்கோட முன்பகுதி, உள்ள இருக்குற காடியில இடம் தாராளமா இருக்கு, அதனால புஷ், அரால்டைட் எதுவும் வேண்டாம், எம்5 ஸ்டட்ட நீளமா கடைஞ்சு உள்பக்கம் அகல வாஷரும் நைலாக் நட்டும் (சும்மா லூஸ் ஆகாத நட்டு) போட்டா போதும், ஸ்பிரிங் டியூப்ல இடிக்காம இருக்கான்னு மட்டும் அளந்துக்கணும்.