கேள்வித்தாளா, மூன்று நாள் டைரியா?

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொந்தரவு இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினோம். இரண்டு வழி இருந்தது: பெண்களின் சிறுநீர்த் தொந்தரவை அளக்கும் ஐசிஐக்யூ-எஃப்எல்யூடிஎஸ் கேள்வித்தாள், குடிப்பதையும் போவதையும் அவர்களே குறித்துவைக்கும் மூன்று நாள் சிறுநீர் டைரி. பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். டைரியைத்தான் எடுத்தேன்.

கேள்வித்தாள் சுலபம்தான். 12 கேள்வி, கடந்த 4 வாரத்தைப் பற்றி. அடக்க முடிகிறதா, போவதில் சிரமமா, கசிகிறதா என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றும் எவ்வளவு தொல்லை என்பதற்கு 0 முதல் 10 வரை எண். படிக்காதவர்களுக்கு நாமே வாசித்துக் குறித்துக்கொள்ளலாம். முகாமில் கூட்டம் நிற்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

இடறுவது அந்தத் தொல்லைக் கேள்வியில். ஐம்பது வயது அக்கா ஒருவர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் சொன்னார். பகலில் எத்தனை தடவை போவீங்க? “ரெண்டு, மூணு.” ராத்திரி? “வயசாவுதுல்ல, எழுந்துப்பேன்.” தாளின்படி பெரிதாக ஒன்றுமில்லை.

அவருக்கே டைரி கொடுத்தேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம்தான் டைரி. ஒரு டம்ளர் குடித்தால் நீலக் கோடு, போனால் கறுப்புக் கோடு, கசிந்தால் சிவப்புப் புள்ளி. மணியைப் பேத்தி எழுதினாள். வாங்கிப் பார்த்தால், விடியற்காலை 3 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை ஒரு நீலக் கோடுகூட இல்லை. மூன்று நாளும் அப்படியே. சாயங்காலத்துக்கு மேல் ஆறேழு டம்ளர். ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்கிறார். அன்னக்கூடையைத் தலைக்குத் தூக்கும் நேரத்தில் சிவப்புப் புள்ளி.

“தண்ணி குடிச்சா போவணும். எங்க போறது நர்ஸம்மா? அதான் வாய கட்டிக்கினேன்.”

குறையை மறைக்கவில்லை அவர். குறை வராதபடி நாளையே மாற்றிவைத்திருக்கிறார். கேள்வித்தாள் குறையைத்தான் கேட்கிறது, பழகிப்போனவருக்கு அது தொல்லையாகவே தெரியாது. வேலைக்குப் போகும் பெண்களிடம் டைரி ஜெயிப்பது இந்த ஒரு காரணத்தால்தான். புள்ளி விழுந்த இடமும் பேசும். பாரம் தூக்கும்போது, இருமும்போது கசிவது ஒரு வகை. முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறை போய்ச் சேர்வதற்குள் கசிவது இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முழு டைரி என்றால் ஒவ்வொரு தடவையும் அளந்து மில்லி கணக்கில் எழுத வேண்டும். பொதுக் கழிப்பறைக்கு அளவுக் குவளையோடு போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். அதனால் ராத்திரியில்தான் சிறுநீர் அதிகமாக ஊறுகிறதா என்று இந்த டைரியில் கண்டுபிடிக்க முடியாது. கர்ப்பிணிகளிடமும், கண் மங்கிய பாட்டிகளிடமும் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே வாசித்துக் கேட்பதே மேலாக இருக்கலாம். சிறுநீரில் ரத்தம் என்று யாராவது சொன்னால் தாளும் வேண்டாம், டைரியும் வேண்டாம், நேராக டாக்டரிடம்.

அந்த அக்காவின் இரண்டாவது டைரி போன வாரம் வந்தது. காலை 8 மணியில் ஒரு நீலக் கோடு, 10 மணியில் இன்னொன்று. ராத்திரி நான்கு இரண்டாகியிருக்கிறது. கூடை தூக்கும் நேரத்துச் சிவப்புப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி (சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்துவது) சொல்லிக்கொடுத்திருக்கிறேன், குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும்.